அலெக்சாண்டரும் ஆயுத பூஜை ஸ்வீட் பாக்ஸும்

தொழிற்சாலையில் டிரெயினிங் எடுப்பவளுக்கு இரண்டே எதிரிகள்தான்: ஒன்று கேன்டீன் சாம்பார் சாதம், இன்னொன்று டிரெயினிங் ஹால் ஏ.சி. இரண்டும் கூட்டணி வைத்துக்கொண்டால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தலையைத் தூக்கவே மாட்டார்கள். எப்போதாவது புரொஜெக்டர் முன்னால் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

நான் ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிரெயினர். ஹெல்மெட் ஏன் போட வேண்டும், தீப்பிடித்தால் எந்த சிலிண்டரை எடுக்க வேண்டும், இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் பிழைப்பு. இந்த வருஷம் கடல் கடந்து இருக்கும் தலைமை அலுவலகம் ஒரு புதுப் பாடத்தை அனுப்பியது. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், எல்லோரையும் வேலையிடத்தில் மதிக்க வேண்டும் என்கிற பாடம். நல்ல பாடம்தான். அதில் ஒரு ஸ்லைடு: ‘வரலாறு நெடுக இவர்கள் இருந்திருக்கிறார்கள்’. முதல் படமே மாவீரன் அலெக்சாண்டர். “தமிழ்ல நீங்க சொன்னாத்தான் மேடம் எடுபடும்” என்று எச்.ஆர். மேனேஜர் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

அவருக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குன்றத்தூரில் ஒரு மாடி வீட்டில் நானும் விஜியும் ஒன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம். விஜிக்குப் படப்பையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஹவுஸ் ஓனருக்கு நாங்கள் தோழிகள். கம்பெனிக்கு நான் கல்யாணம் ஆகாத மேடம். நாங்கள் யார் என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லோருடைய குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். குடும்பம் மட்டும்தான், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. வருஷா வருஷம் நான் தனியாகப் போய்ப் பொரியும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு வருவேன். இந்த வருஷம் விஜி தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். கேட்டில் “இவங்க யாரு?” என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அலெக்சாண்டருக்காக மட்டும் பேட்ச் பேட்சாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைமுடி விவகாரம்

முதல் பேட்ச் வெல்டிங் ஷாப். அலெக்சாண்டருக்கு ஓர் உயிர் நண்பன் இருந்தான், அவன் பெயர் என் வாயிலேயே சரியாக நுழையவில்லை. அவன் செத்தபோது அலெக்சாண்டர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார், தன் தலைமுடியை வெட்டிக்கொண்டார், குதிரைகளின் பிடரி மயிரைக்கூட வெட்டச் சொன்னார் என்கிறார்கள். குரலைக் கொஞ்சம் உருக்கமாக்கி இதைச் சொன்னேன். எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் செக்யூரிட்டி ஏழுமலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தலைகள் குறைகிறதே என்று அவரையும் அந்த பேட்சில் சேர்த்திருந்தார்கள்.

“இதுலேர்ந்து என்ன தெரியுது?” என்று கேட்டேன். சூப்பர்வைசர் தட்சிணாமூர்த்தி எழுந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். சாவு வீட்டு முறைகளில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யார் கொள்ளி வைப்பது, யார் முடி எடுப்பது என்று ஊரே அவரைக் கேட்டுத்தான் செய்யும். “ஃப்ரெண்டுக்கெல்லாம் எவனும் முடி எடுக்க மாட்டான் மேடம்” என்றார். விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் தொடர்ந்தார்:

“மொட்டை போட்டுக்கினாருன்னா பங்காளிதான். சித்தப்பன் புள்ளையா இருக்கும், நல்லா விசாரிச்சிப் பாருங்க.”

மூன்று மனைவிகள்

அடுத்த பேட்ச் உஷாராக இருந்தது. யாரோ செல்போனில் தேடி, அலெக்சாண்டருக்கு மூன்று மனைவிகள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்படியென்றால் அந்த ஸ்லைடில் அவருக்கு என்ன வேலை என்று கேள்வி. கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் விரும்பித்தான் செய்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது, ராஜாக்கள் நாட்டுக்காகவும் கல்யாணம் செய்வார்கள், சிலருக்கு இரண்டு பக்கமும் ஈர்ப்பு இருக்கும் என்று நான் மூச்சு வாங்க விளக்கினேன். நைட் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குப் போகாமல் கண் சிவந்து உட்கார்ந்திருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கையைத் தூக்கினார்.

“மூணு பொண்டாட்டி, ஒரு ஃப்ரெண்டு, அதுக்கு மேல ஒலகத்தையே புடிக்க வேற போயிருக்காரு. இவருக்கு மட்டும் ஒரு நாளைக்கு எத்தினி ஷிஃப்ட்டு மேடம்?”

நம்ம ஆள், வெளி ஆள்

சீட் கவர் தைக்கும் லைனில் எல்லாம் பெண்கள். பெரும்பாலும் தெற்கத்திப் பிள்ளைகள், வல்லக்கோட்டை பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். அலெக்சாண்டர் அவர்களை அசைக்கவே இல்லை. ஆனால் இசக்கியம்மாள் என்கிற பெண் வேறொன்றைக் கிளப்பினாள். பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு ராஜாவும் ஒரு புலவரும் வருவார்களே, நேரில் பார்க்காமலேயே நட்பு, ராஜா வடக்கே பார்த்து உட்கார்ந்து உயிரை விடும்போது புலவரும் வந்து கூடவே உயிரை விடுவாரே, அவர்களும் இந்த ஸ்லைடில் வருவார்களா என்று கேட்டாள்.

கூடவே உட்கார்ந்திருந்த குவாலிட்டி இன்ஸ்பெக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய அப்பா தமிழ் வாத்தியார். கிரேக்கத்துக்காரனை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நம்ம ஆட்கள் மேல் கை வைக்காதீர்கள், அது தூய நட்பு என்றார். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். அந்த இருவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் வாய் திறப்பதற்குள் இசக்கியம்மாள் முந்திக்கொண்டாள்.

“நானும் ஒருத்தன நேர்ல பாக்காம போன்லதான் சார் பேசிட்டிருந்தேன். அதத் தூய நட்புன்னு எங்க அம்மாட்ட நீங்க கொஞ்சம் சொல்லிருந்தா எனக்கு அடி விழுந்திருக்காதுல்லா?”

ஓப்பன் பாயிண்ட்

எந்த டிரெயினிங் எடுத்தாலும் கடைசியில் பரீட்சை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டர் அதை முடிக்காத வேலை, ‘ஓப்பன் பாயிண்ட்’ என்று எழுதிவிடுவார். தலைமை அலுவலகமே கேள்வித்தாளையும் அனுப்பியிருந்தது. அலெக்சாண்டர் ஆணை விரும்பியவரா, பெண்ணை விரும்பியவரா, இருவரையுமா? ஒன்றை டிக் செய்யவும். விடைத்தாளை அனுப்ப மறந்துவிட்டார்கள். தட்சிணாமூர்த்தி தானாகவே நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, ‘பங்காளி’ என்று எழுதி, அதற்கு டிக்கும் அடித்திருந்தார்.

நான் எச்.ஆர். மேனேஜரிடம் போனேன். சார், அந்தக் காலத்தில் இந்த வார்த்தைகளே கிடையாது, அலெக்சாண்டரையே கூப்பிட்டு உட்கார வைத்தாலும் இந்தக் கேள்வி அவருக்குப் புரியாது, எதை டிக் அடித்தாலும் தப்புதான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் ஆடிட் நெருங்கினால் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

“அதெல்லாம் இருக்கட்டும் மேடம், அலெக்சாண்டர் பாயிண்ட் இன்னும் ஓப்பன்லயே நிக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள க்ளோஸ் பண்ணிடுங்க.”

வீட்டுப் பரீட்சை

அன்று சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே இதையெல்லாம் விஜியிடம் சொன்னேன். இசக்கியம்மாள் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அலெக்சாண்டரை நான் ஏன் இப்படி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். நமக்கு முன்னால் யாராவது இருந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும், அவ்வளவு பெரிய ராஜா என்றால் இன்னும் தைரியம்.

விஜி தட்டைக் கீழே வைத்தாள். சிரிப்பு போய்விட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வதைப் போல நிதானமாகிவிடும்.

“செத்துப்போன மனுசனுக்கு ஊரெல்லாம் பேர் வச்சிக்கிட்டு வர்ற. ஆயுத பூஜை அன்னிக்கு கேட்ல என்னை யாருன்னு சொல்லப்போற?”

கேட்

ஆயுத பூஜை வந்தது. கேட்டின் இரண்டு பக்கமும் வாழைமரம், உள்ளே மெஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. விஜி மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். எனக்கு வேலை போகுமோ, வீடு போகுமோ, நாளைக்கு ஹெல்மெட்டைப் பற்றிப் பேச எழுந்தால் ஹாலில் சிரிப்பார்களோ என்று பயம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஆபரேட்டர் தன் ரூம் மேட்டைக் காட்டி “அண்ணன் மாதிரி” என்றார். “மாதிரியெல்லாம் உள்ள வுட முடியாது” என்று ஏழுமலை ரூம் மேட்டைத் திருப்பி அனுப்பினார். எங்களுக்குப் பின்னால் தட்சிணாமூர்த்தி, மனைவி பிள்ளைகளோடு.

“இவங்க இன்னா ஒறவு மேடம்?” என்றார் ஏழுமலை. ‘அக்கா’ என்று சொல்ல வாயெடுத்தேன். விஜி வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ‘அக்கா’வை விழுங்கிவிட்டு, “அலெக்சாண்டருக்கு ஒருத்தர் இருந்தார்னு க்ளாஸ்ல சொன்னேனே ஏழுமலை, அவருக்கு அவர் எப்படியோ எனக்கு இவங்க அப்படி” என்றேன். ஏழுமலை பேனாவால் காதைக் குடைந்தார். “அந்தக் க்ளாஸ்ல நான் தூங்கிட்டேன் மேடம். யாரோ யாருக்கோ மொட்டை போட்டாருன்னு மட்டும் காதுல வுழுந்திச்சி.” அப்புறம் விஜியிடம் திரும்பினார். “தோ பாரும்மா, மேடத்துக்கு நாளிக்கி ஏதாச்சும் ஒன்னு ஆயிடுச்சின்னா நீ மொட்டை போட்டுக்குவியா?” பின்னாலிருந்து தட்சிணாமூர்த்தி, “நல்ல நாளும் அதுவுமா கேக்குற கேள்வியாய்யா இது?” என்று அதட்டினார். விஜி யோசிக்கவே இல்லை. “மொட்டையெல்லாம் போட மாட்டேன். ஆனா சோறு எறங்காது” என்றாள். ஒன்பது வருஷத்தில் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏழுமலைக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. மேல் கோர்ட்டான தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார், விஜியைப் பார்த்தார், பின்னால் நீண்டுகொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். “பொம்பளைங்க மொட்டை போடுற வழக்கம் இல்லப்பா, வுடு” என்றார். ஏழுமலை தலையாட்டிவிட்டு ஸ்வீட் பாக்ஸுக்கான டோக்கன் ஒன்றைக் கிழித்து என் கையில் கொடுத்தார். ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் எனக்கே எனக்கென்று ஒன்று வாங்கிய பழக்க தோஷம், “இவங்களுக்கு?” என்று கேட்டுவிட்டேன். ஏழுமலைக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“குடும்பத்துக்கு ஒன்னுதான் மேடம். நீங்க இன்னா ரெண்டு குடும்பமா?”

அலெக்சாண்டர் பாயிண்ட் இன்றுவரை ஓப்பனில்தான் நிற்கிறது, எங்கள் பாயிண்ட்டை மட்டும் தூங்குமூஞ்சி ஏழுமலை ஒரு மைசூர்பாகு பாக்ஸோடு க்ளோஸ் பண்ணிவிட்டார்.