நாகமலை ஏறிய ஜெர்மன் மலைப்படை

"புது ஷெட்டு திறக்கிறேன் மாப்ள. நம்ம படத்த நீதான் வந்து மாட்டணும்" என்று காஜா போனில் கூப்பிட்டபோது, சந்தோஷத்தைவிடத் தயக்கம்தான் அதிகம். காஜா என் பள்ளிக்கூடச் சிநேகிதன். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். படம், ஒரு ஜெர்மன் ஜெனரலுடையது. தை மாதத்து சனிக்கிழமை ஒன்றில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பினேன்.

காலை ஐந்து மணி பஸ். இருநூறு ரூபாய்க்குள் டிக்கெட். பத்தரைக்கு ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டார்கள். காஜா மாலை நாலு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தான். சரி, ஜெனரலின் போர்க்களத்தைப் பார்த்துவிடலாம் என்று டவுன் பஸ் பிடித்து அரை மணி நேரத்தில் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கினேன்.

எட்டாம் வகுப்பில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அந்தப் படம் இருந்தது. பனிச்சரிவில் ஜெனரல் ஒரு கோவேறு கழுதையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முதல் உலகப்போரில் ஆல்ப்ஸ் மலையில் சின்ன அதிகாரி. இரண்டாவதில் மலைப்படையின் தளபதி. போலந்து, கிரீஸ், காகசஸ் என்று ஏறாத மலையில்லை. எங்களுக்குக் காகசஸ் ஏது? நாகமலைதான். காஜா அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பாவின் கைலியைக் குச்சியில் கட்டி உச்சியில் நட்டோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, நாங்க மலைப்படை" என்று காஜா மார்தட்டியதுதான் தாமதம். "படையா? எந்த மலையிலடா ஒட்டுச்சு? சட்டையக் கழட்டு" என்று அவன் அம்மா எங்கள் இரண்டு பேர் முதுகிலும் வேப்பெண்ணெய் தடவிவிட்டார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பாம்பு மலைக்கு நடுங்காத எங்கள் படை அந்த எண்ணெய்க்கு நடுங்கியது.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம், "மேல போக எம்புட்டு நேரமாகும்ணே?" என்றேன்.

என் தொப்பையைப் பார்த்தார். "எனக்கா, ஒங்களுக்கா?"

எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மேலே காற்று அப்படியே இருக்கிறது. வடக்கே பரவைப் பக்கம் வயல்கள் குறைந்து வீடுகள் கூடியிருக்கின்றன. கைலி நட்ட இடத்தில் உட்கார்ந்தேன். போன வருடம்தான் மீதிக் கதையைப் படித்தேன். கிரீஸின் மலைக் கிராமங்களில் வீடுகளைக் கொளுத்தியதும், ஆட்களை நிறுத்திச் சுட்டதும் இந்த ஜெனரலின் படைதான். போருக்குப் பிறகு விசாரணை, சிறை. காஜாவிடம் நான் சொல்லவேயில்லை. முப்பது வருடமாகப் பட்டறையில் சாமி படம்போல அதை மாட்டி வைத்திருக்கிறவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் என் கையால் எப்படி ஆணி அடிப்பது?

கப்பலூருக்கு ஆட்டோ, முந்நூற்றைம்பது ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். புது ஷெட்டில் காஜா சுத்தியலை நீட்டினான். நான் வாங்காமல், நின்றவாக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவன் செய்தித்தாளில் சுற்றியிருந்த படத்தைக் கொடுத்தான். "பிரிச்சுப் பாரு."

பனி இருந்தது. கழுதை இருந்தது. கயிறு பாதியில் முடிந்திருந்தது. ஜெனரலைக் காணோம்.

"என் மக காலேஜ்ல சரித்திரம் படிக்கிறாள்ல, அவதான் சொன்னா. ஒனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு நானும் வாயத் தொறக்கல."

"கழுதைய மட்டும் ஏன்டா விட்டு வச்ச?"

"பாரம் சொமந்ததுதான மாப்ள அது? ஊரக் கொளுத்துனது அதுவா?"

ஆணி அடித்தேன். படம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்றான்.

நாகமலைக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே ஏறிவிடுங்கள். நான் உச்சி வெயிலில் ஏறிய மடையன். மேலே தண்ணீர் கிடையாது, நிழலும் கிடையாது. வழுக்காத செருப்பு அவசியம். சிநேகிதரோடு போனால் நல்லது. மனதில் ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், என்னைப்போல ஒரு வருடம் சுமக்காதீர்கள்.

கப்பலூர் பஸ் நிறுத்தம் வரை காஜா வந்தான். பஸ் தெரிந்ததும் என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான்.

"எங்கம்மா அன்னிக்கே எண்ணெ தடவுச்சு மாப்ள. அந்தப் படை நம்மள விட்டுப் போகத்தான் இம்புட்டு வருசமாயிருச்சு."