கூரையில் விழுந்த உருண்டை

வெள்ளியங்கிரி அண்ணன் பாய்லரைத் தாண்டும்போதெல்லாம் பிரஷர் மீட்டரின் கண்ணாடியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். சாப்பிடப் போனாலும் தட்டிவிட்டுத்தான் போவார். செக்கிங் மேசையிலிருந்து பல வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பனியன் யூனிட் பெருமாநல்லூரில் இருக்கிறது. அயர்ன் மேசைகளுக்கு நீராவி அனுப்பும் அந்தப் பாய்லர்தான் அவர் பொறுப்பு.

போன வருஷம் ஒரு மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரிய சத்தம் கேட்டது. பக்கத்து யூனிட்டின் கட்டிங் ஷெட் கூரையைப் பொத்துக்கொண்டு குடம் அளவு உருண்டை ஒன்று விழுந்திருந்தது. உள்ளே ஆள் இல்லாததால் யாருக்கும் அடியில்லை. உருண்டையைச் சுற்றிக் கருகிய இழை, கோனில் நூல் சுற்றியதுபோல நெருக்கமாக இருந்தது. பாய்லர் குழாய்களிலும் சூடு தாங்கக் கயிறு சுற்றுவது வழக்கம். அதனால் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

பக்கத்து முதலாளி அப்புசாமி வேலிக்கு வந்து நின்றார். “ஏனப்பா வெள்ளியங்கிரி, உன்ர பாய்லர் என்ர ஷெட்டுல வந்து உக்காந்திருக்குது. கூட்டிட்டுப் போ.”

“நம்ம பாய்லர் நின்ன எடத்துலயே நிக்குதுங்க. அந்த உருண்டைய மட்டும் யாரும் தொட வேண்டாமுங்க.”

“அப்ப இது வானத்துல இருந்தா வந்துச்சு?”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து முடிந்து, உருண்டையைச் சுற்றிக் கயிறு கட்டி, போலீஸ் வரும்வரை காவல் நின்றார். எங்கள் முதலாளியோ, பாய்லரைப் பரிசோதித்து முடிக்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேறு ஆள் தேடுவதாகவும் பேச்சு வந்தது.

சில நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். ராக்கெட்டில் இருந்த தொட்டி அது, வேலை முடிந்து விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்து கீழே விழுந்திருக்கிறது என்றார்கள். ஏவிய நாடுதான் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எடுத்துப் போனார்கள். அன்றைக்கே எங்கள் முதலாளி ஆள் அனுப்பி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் அப்புசாமியின் கூரை மேல் உட்கார்ந்து தகரம் அடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் எதற்கு இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“விழுந்தப்ப எல்லாரும் என்னையத்தான பாத்தாங்க கண்ணு. ஓட்டை இருக்கற வரைக்கும் பாப்பாங்க.”

கீழே அப்புசாமி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் இப்போதும் எங்கள் பாய்லரைத்தான் பார்க்கிறார். அந்தத் தொட்டி எந்த நாட்டினுடையது என்று இதுவரை யாரும் வந்து சொல்லவில்லை.