கால் ஊன்றாமல் ஒரு எட்டு

வண்டியை வேகமாக ஓட்ட யாருக்கும் வாத்தியார் தேவையில்லை. மெதுவாக ஓட்டக் கற்றுக்கொடுக்கத்தான் டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சம்பளம். ஆர்.டி.ஓ. ஆபீசில் எட்டுப் போடும்போது முக்கால் வட்டத்தில் காலை ஊன்றிவிட்டு, கல் தட்டிவிட்டது என்று சொன்னவர்களே, நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். வீரபாண்டிப் பக்கம் ஒரு காலி இடத்தில், ஏழு வருஷம் ஞாயிறுதோறும், அந்தக் காலை ஊன்றாமல் இருக்கத்தான் பழக்கிக்கொண்டிருந்தேன். கோடு காட்ட நிறுத்தியிருந்தவை நிட்டிங் கம்பெனியில் கேட்டு வாங்கிய காலி நூல் கோன்கள். இப்போது அங்கே குடோன் வந்துவிட்டது. நான் ஸ்கூல் ஆபீசில் ஃபாரம் நிரப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை இன்னமும் ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போக இடமில்லை என்பதுதான் வருத்தம்.

வெறும் வண்டி

காதர்பேட்டைக் கடைகளுக்குப் பனியன் பண்டல் கொண்டுபோகும் குமாரசாமி, லைசென்ஸ் இல்லாமலே பதினைந்து வருஷம் ஓட்டியவர். டேங்க் மேல் ஒன்று, பின்னால் மூன்று என்று அடுக்கிக்கொண்டு, ஆள் நுழைய முடியாத சந்தில் வண்டியோடு நுழைந்து வெளியே வருவார். ஒருநாள் செக்கிங்கில் மாட்டிக்கொண்ட பிறகு என்னிடம் வந்தார். எனக்கு எதற்குப் பயிற்சி என்ற தோரணையில் ஏறியவர் முதல் வளைவிலேயே மூன்று கோன்களைச் சாய்த்தார். அடுத்த தடவை நான்கு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. நீங்கள் போய் வந்தும் காதர்பேட்டை எப்படி இன்னும் நிற்கிறது என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. காலியான டேங்கைத் தடவிக்கொண்டு சொன்னார்: "வெறும் வண்டியை நான் எப்பங்க ஓட்டிருக்கேன்? நாலு பண்டல் ஏத்தியுடுங்க, எட்டென்ன, பதினாறே போடறேன்."

அழுத்தினால் ஓடும்

அதே மாதம் வந்தவர்தான் சேவூர் பழனியம்மாள் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் பவர் மெஷின் டெய்லர். மாதக் கடைசிக்கு மேல் சேவூர்ப் பக்கம் ஆள் ஏற்ற வேன் வராது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அரை மணி தாமதம். தினமும் தாமதமாக வருகிறவருக்கு மெஷின் கிடையாது. வீட்டுக்காரருக்குக் கண் மங்கி, அவருடைய கியர் வண்டி வீட்டில் சும்மா நிற்கிறது. அதை ஓட்டினால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அடுப்பு எரியும்.

முதல் நாள், நான் பிரேக் பிரேக் என்று கத்தக் கத்த, அக்கா வலது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு நேராக முள்வேலியில் போய் நின்றார். மறுபடி கத்தினேன், மறுபடி வேலி. காது கேட்குமா கேட்காதா என்றுகூடக் கேட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "காது நல்லாக் கேக்குதுங்க மாஸ்டர். இருவது வருசமா அழுத்துனா மெஷின் ஓடும், காலை எடுத்தா நிக்கும். உங்க வண்டி தலைகீழா இருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

கழுத்து ரிப்

முதல் டெஸ்டில் குமாரசாமி எப்படியோ தேறிவிட்டார். அக்கா இரண்டாவது வட்டத்தில் காலை ஊன்றிவிட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார் பிரேக் இன்ஸ்பெக்டர். வேன் நிற்க எட்டே நாள்தான் பாக்கி. அந்த ஞாயிறு அவரைவிட எனக்குத்தான் படபடப்பு. முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தியும் அவர் தலை நிமிரவில்லை. சலித்துப்போய் டீ வாங்கிக் கொடுத்து, பனியனில் எதுதான் கஷ்டமான வேலை என்று பேச்சை மாற்றினேன்.

கழுத்து ரிப், அதாவது கழுத்தைச் சுற்றி வரும் பட்டை, வைப்பதுதான் என்றார். வட்டமாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கும், பாதியில் நிறுத்தினால் தையல் கோணும். கால் பெடலில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கண் ஊசியில் இருக்கக் கூடாது, வரப்போகிற துணியில் இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி, கண்ணை அடுத்த வளைவில் வைக்கச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்ததும் அதேதான். எனக்கு உறைப்பதற்குள் அவர் டம்ளரை வைத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். இரண்டு வட்டம் முடிந்தும் ஒரு கோன்கூட அசையவில்லை. என் பக்கத்தில் வந்து நிறுத்திச் சொன்னார்: "இதுல என்னங்க இருக்குது, ரெண்டு கழுத்து சேத்து வெச்சாப்ல. மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா உங்க வேலி தப்பிச்சிருக்குமுங்க."

பின் சீட்

இரண்டாவது டெஸ்டில் அக்கா கால் ஊன்றவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டபோது என் கண் கலங்கியது. தூசி என்று சமாளித்தேன்.

வேன் நின்ற முதல் வாரம் முடிந்த ஞாயிறு, அக்கா வீட்டுக்காரரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். ஆறு நாளும் பெல் அடிக்குமுன் மெஷினில் உட்கார்ந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் மெல்ல இறங்கி, தடவித் தடவி என் கையைப் பிடித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவளைப் பின்னாடி வெச்சு ஓட்டினேனுங்க. நல்லா ஓட்டறனான்னு கேட்டா, ஆமாங்கன்னே சொல்லுவா. பின்னாடி உக்காந்தா எவ்வளவு பயமா இருக்குதுன்னு இன்னிக்குத்தானுங்க தெரியுது."

அன்றிலிருந்து, நான் எப்படி ஓட்டுகிறேன் என்று என் மனைவியிடம் கேட்பதை விட்டுவிட்டேன்.