போடலைன்னாலும் சொல்லிருங்க

அன்று காலை அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓடவில்லை. காலண்டர் சீசனில் அது நிற்பது வழக்கமில்லை என்பதால் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பைண்டிங் பிரிவுப் பெண்கள் ஒரே இடத்தில் கூடி நின்றார்கள். செல்வராணி என் மேசைக்கு வந்து, நான் பிழை திருத்திக்கொண்டிருந்த தாளின் மேல் கையை வைத்தாள்.

"கோமதியக்கா போயிருச்சுடி. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

இதை வாசிக்கும் நீங்கள் பைண்டிங் பிரிவில் அவரோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவர் தெருவில் குடியிருப்பவர்கள். அவருடைய சிரிப்பும் கோபமும் உங்களுக்குத் தெரியும். ஆனால் 2006 உள்ளாட்சித் தேர்தலில் அவர் நின்று தோற்றதைப் பற்றி நாம் யாரும் பிறகு வாயைத் திறக்கவில்லை. அவரும் பேசவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

அவர் எதற்காக நின்றார் என்பதை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை, காலை பதினொரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் தெருவில் பெரியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வேன்கள் விடிந்ததும் வந்து ஆட்களை ஏற்றிப் போய்விடும். மிச்சம் பேர் எங்களைப்போல அச்சகத்துக்கு வந்துவிடுவார்கள். தண்ணீர் பிடிப்பது பெண்பிள்ளைகள்தான். தண்ணீர் வரும் நாளில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அக்காவின் மகள் அனிதா அப்போது ஒன்பதாம் வகுப்பு. "நான் கேக்குறது கூடுதல் தண்ணி இல்ல," என்பார் அக்கா. "அதே தண்ணிய அஞ்சு மணிக்குத் தொறந்து விடுங்கன்னுதான். வால்வு திருகுற கை எப்பத் திருகுனா என்ன?" பேரூராட்சி அலுவலகத்துக்குப் பல தடவை நடந்தார். உறுப்பினர் சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். அந்த முறை அவர் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நானே உறுப்பினர் ஆகிவிடுகிறேன் என்று வேட்பு மனு கொடுத்துவிட்டார்.

சுயேச்சைகளுக்கான சின்னங்களில் அவர் குடம் கேட்டார். கிடைத்தது சீப்பு. பைண்டிங் பிரிவு அன்று முழுக்க வேலை செய்யவில்லை. "யக்கா, ஜெயிச்சா எங்களுக்கெல்லாம் சடை பின்னி விடுவீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். "பேன் பாத்து விடுறேன், வா. உன் தலைக்கு அதுதான் மொதல்ல வேணும்," என்றார் அக்கா. எதிர்த்து நின்றவர் பழைய உறுப்பினரின் மனைவி. அவருடைய நோட்டீசும் எங்கள் அச்சகத்தில்தான் ஓடியது. அதில் கணவர் படம் பெரிதாகவும் மனைவி படம் அதற்குக் கீழே சிறிதாகவும் இருந்தன. அதை மடித்துக் கட்டுக் கட்டியவர்களில் அக்காவும் ஒருவர். கோணலாக மடிந்தவற்றைப் பிரித்துத் திரும்ப மடித்தார். தன் நோட்டீசுக்கு அவர் எழுதித் தந்தது இரண்டே வரி. தண்ணீர் காலை ஐந்து மணிக்கு வர சீப்புச் சின்னம் என்பது ஒன்று. மற்றது: "போடவில்லை என்றாலும் சொல்லிவிடுங்கள்." இரண்டாவது வரி எதற்கு என்று கேட்டேன். "வாசல்ல வச்சு யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாகடி. அதான் பயமா இருக்கு," என்றார்.

பிரச்சாரத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது எனக்குத் தயக்கமாக இருந்தது. என் ஓட்டு வேறு வார்டில். அந்நியர் வீட்டு வாசலில் நின்று பேசுவதும் எனக்கு வராது. "நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா பக்கத்துல நில்லு, எனக்குத் தெம்பா இருக்கும்," என்றார். தீபாவளிக்கு முந்திய வாரங்கள் அவை. பகலில் தெருவே பூட்டிக் கிடக்கும். வேன் திரும்பி வந்து, பெண்கள் கையிலும் முகத்திலும் ஒட்டிய வெள்ளி நிறப் பட்டாசு மருந்தைக் கழுவி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் போவோம்.

எல்லா வீட்டிலும் ஒரே பதில். "ஒங்களுக்குப் போடாம யாருக்குக்கா போடப் போறோம்?" "வாங்க, உக்காருங்க, மோரு குடிங்க." ஒரு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்த் தரப்பினர் வந்துவிட்டார்கள். அந்த அம்மா சற்றும் தடுமாறாமல் அவர்களிடமும் திரும்பி, "ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி, இது தெரியாதா?" என்றார். அக்காவே சிரித்துவிட்டார். அது பொய்யென்று நான் அப்போது நினைத்தேன். இப்போது நிச்சயமில்லை. வீடு தேடி வந்தவரை வெறுங்கையாக அனுப்பக்கூடாது என்ற ஒரு மரியாதை அதில் இருந்தது. அந்த மரியாதையை வைத்து ஒரு குழாயின் நேரத்தைக்கூட மாற்ற முடியாது என்பதும் உண்மை.

தேர்தலுக்குச் சில நாள் முன்னால் தெருவில் ஒரு பேச்சு வந்தது. எதிர்த் தரப்பு கோயிலில் ஆண்களைக் கூட்டி, வீட்டுக்கு ஒருவராகச் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள் என்று. அக்காவின் தம்பி பதறிப்போய் வந்தார். "நாமளும் சூடம் ஏத்துவோம்க்கா. இல்லைன்னா ஒண்ணும் தேறாது." அக்கா ஒப்பவில்லை. "சாமிக்குப் பயந்து போடுறதுன்னா அது சாமிக்குப் போட்ட ஓட்டு. எனக்கு எதுக்கு?"

மறுநாள் மாரிச்செல்வி வீட்டுக்குப் போனோம். பட்டாசுக்குத் திரி வைக்கும் வேலை அவளுக்கு. அவள் மகளும் தண்ணீர் வரும் நாளில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளில் ஒருத்தி. பாய் விரித்து உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள்.

"யக்கா, காப்பியக் குடிங்க. ஆனா ஓட்டு ஒங்களுக்கு இல்லக்கா."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "சத்தியமா?"

"எங்க வீட்டுக்காரரு பண்ணிட்டு வந்துட்டாரு."

"பண்ணது அவரு. ஒன் ஓட்டு ஒன்கிட்டதான இருக்கு? உள்ள நீ யாருக்குக் குத்துறன்னு யாரு பாக்கப் போறா?"

மாரிச்செல்வி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். "சூடத்துல அடிச்சு, புள்ள தலை மேலல்ல பண்ணிருக்காரு. சத்தியம் அவரோடது. புள்ள என்னோடதுக்கா."

நான் படித்த புத்தகங்களில் வாக்காளர் ஒரு மறைப்புக்குள் தனியாக நிற்பார். அங்கே அவர் சுதந்திரமானவர். இந்தத் தெருவில் ஒரு தாய் அந்த மறைப்புக்குள் தன் பிள்ளையின் தலையையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அக்கா தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "அப்பச் சரி. புள்ளையவிட ஓட்டு பெருசில்ல. நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத." பிறகு தம்ளரில் இருந்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தார். வெளியே வந்ததும் என்னிடம், "இன்னைக்குத்தான்டி ஒரு ஓட்டு உறுதியாத் தெரிஞ்சுது," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிட்டோம்.

தோல்வி பெரிதாகவே இருந்தது. மோர் கொடுத்த வீடுகளில் நாலில் ஒரு பங்குகூட அவருக்குப் போடவில்லை. மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்து காலண்டர்களுக்குத் தகரப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நேரம் மாறவில்லை. அனிதா பத்தாம் வகுப்பில் தவறினாள், மறுபடி எழுதவில்லை. வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டுகிறாள். அதற்கெல்லாம் இந்தக் குழாய்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

செல்வராணியும் நானும் துட்டி கேட்க அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை இருக்கும். அக்காவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அன்று எந்த வேனும் அந்தத் தெருவில் ஆள் ஏற்றிப் போகவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அழுகைக்கு நடுவே அந்தத் தேர்தல் பேச்சு வந்தது, நான் எதிர்பார்க்கவே இல்லை. "நான் அன்னைக்கு அக்காவுக்குத்தான் போட்டேன்," என்றார் ஒருவர். "எங்க வீட்டுல எல்லா ஓட்டும் சீப்புக்குத்தான்," என்றார் இன்னொருவர். ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். இத்தனை பேரும் போட்டிருந்தால் அக்கா ஜெயித்திருப்பார். அவர்கள் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை. அவர் கேட்டபோது கொடுக்காததை இப்போதாவது கொடுத்துவிடப் பார்த்தார்கள்.

"நான் போடலம்மா," என்றாள் மாரிச்செல்வி. அவள் அனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "போட மாட்டேன்னு அக்காகிட்டச் சொல்லிட்டேன்."

சரியாக அப்போது தெருக்குழாய் சீறியது. தண்ணீர் நாள் என்பது யாருக்கும் நினைவில்லை. ஒருவர் எழுந்தார், பிறகு இரண்டு பேர், பிறகு கிட்டத்தட்ட எல்லோரும் தலையைக் குனிந்தபடி எழுந்து குடம் எடுக்கப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதை விட்டால் இன்னும் நாலு நாள். அம்மாவின் காலடியில் இருந்த அனிதாவும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். மாரிச்செல்வி அவள் தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"நீ உக்காருத்தா. ஒங்கம்மாவக் குளிப்பாட்ட நான் பிடிச்சுட்டு வாரேன்."

அடுத்த தேர்தலிலும் நம் வாசல்களுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் நாம் என்ன சொல்வோம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கவலையாக இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய நோட்டீசின் இரண்டாவது வரியை. அதோடு, இல்லை என்று சொன்ன வீட்டில் அவர் அவசரப்பட்டு எழாமல், அந்தக் காப்பியைக் கடைசி வாய் வரை குடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்ததை.