எந்தக் கட்சியிலும் சேராத கலர்

கம்பம் டவுனில் பிளெக்ஸ் டிசைன் போட்டுப் பிழைக்கும் என்னை மாதிரி ஆட்களுக்குத் தெரியும்: கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் கலர் இருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கலர் மட்டும் இருக்காது.

மஞ்சப்பையில் வந்த சாம்பிள்

காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு பேனர் போட வந்தார். அவர் ஒரு கட்சி, சம்பந்தி எதிர்க்கட்சி. நிச்சயதார்த்தத்தன்று இவர் துண்டின் கரையைப் பார்த்தே சம்பந்தி பந்தியில் பாதியில் எழுந்துவிட்டாராம். பேனரிலும் கட்சி வாடை அடித்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று மனுஷனுக்கு உதறல்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று காட்டக் காட்ட, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடியைச் சொன்னார். கடைசியில் பையிலிருந்து பன்னீர் திராட்சைக் கொத்து ஒன்றை எடுத்து என் மானிட்டரில் வைத்து அழுத்தினார். "சம்பந்தி வந்தாகன்னா மொதல்ல பேனரத்தான் பாப்பாக. இந்தக் கலருக்குத்தான் இன்னும் எவனும் கட்சி ஆரம்பிக்கல ஆத்தா, இதையே போடு."

துடைத்தால் வேறு

கலர் பிக்கரைத் திறந்து, சிவப்பைக் கூட்டி, நீலத்தைக் குறைத்து, ஒருவழியாகப் பழத்தின் கலரைப் பிடித்து கஸ்டம் கலரில் சேமித்தேன். அப்பாடா என்று நிமிர்ந்தால், மனுஷர் பழத்தை வேட்டியில் துடைக்கிறார்! மேலே பூத்திருந்த சாம்பல் போய்ப் பழம் கருகருவென்று மின்னியது. மறுபடி முதலிலிருந்து. அதையும் சேமித்தால், பழத்தை வாயில் போட்டுக்கொண்டு தோலை மட்டும் வெளிச்சத்தில் காட்டுகிறார். உங்களுக்கு அழுகை வருமா, வராதா? "மூணும் நம்ம தோட்டந்தான ஆத்தா, ஒண்ணையும் விட்றாத."

பிரிண்ட் வந்தது

எங்கள் மிஷின் ஆபரேட்டர் பேனரை விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஸ்கிரீன்ல திராட்சையா இருந்துச்சு, இங்கன கத்திரிக்காயா வந்திருக்கு. கத்திரிக்காய்க்குக் கட்சி எதும் இருக்கா?"

மண்டப வாசல்

முகூர்த்தத்துக்கு நானும் போனேன். சாப்பாட்டுக்கு இல்லை, பயத்தில். வேனை விட்டு இறங்கிய சம்பந்தி நேரே பேனர் முன்னால் போய் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். தோட்டக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

கலரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எம் பேரு மட்டும் ஏன் ஒங்க பேர விடச் சின்னதா இருக்கு?" என்றார் சம்பந்தி. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். தோட்டக்காரர் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. "பொண்ணையே ஒங்களுக்குக் குடுக்குறேன் சம்பந்தி, எழுத்தாச்சும் எனக்குப் பெருசா இருந்துட்டுப் போகட்டும்."

சம்பந்தி சிரித்துவிட்டார், தாலியும் ஏறியது. நானோ இப்போதெல்லாம் எந்தக் கலர் என்று கேட்பதற்கு முன்னால் யார் பேர் பெரிசு என்றுதான் கேட்கிறேன்.