இடுப்பில் இறுக்கிய துண்டு

அவளை எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்காது. திருவனந்தபுரத்தில் மகளிர் மருத்துவரின் ஓ.பி. வாசலில் என்னை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவளாம். ஐம்பது வயதிருக்கும். தேயிலைக் கறை ஏறிய விரல்களால் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பதும் மறுபடி இறுக்குவதுமாகவே இருந்தாள்.

"கர்ப்பப்பை எறங்கிருச்சு," என்றாள், நான் கேட்காமலே. "பிள்ளை பெத்த இருபதாம் நாளே கொழுந்துச் சாக்கு சுமந்தேன். எங்க லயத்து வரிசையில வீட்டுக்கு வீடு உண்டு, ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா. உனக்கு எத்தனை வருஷமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஸ்ரீவராகத்து வீட்டில் என் கணவருக்கே தெரியாத விஷயம்.

"எனக்கு வெறும் முதுகுவலி."

"பின்ன எதுக்கு ஒத்தப் பக்கமா உக்காந்திருக்க? பொய் சொல்லாத."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் உள்ளே போனதும் மருத்துவரின் குரல் கேட்டது: "துண்டு முறுக்கிக் கெட்டினா மேல போகாது அம்மா, கீழதான் தள்ளும்."

வெளியே வந்தவள் துண்டைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். "வளையம் ஒண்ணு உள்ள வெச்சிருக்காங்க. தாங்குது. போயி உள்ளதச் சொல்லு," என்று அதட்டிவிட்டுப் போனாள்.

போனேன். என்ன உபத்திரவம் என்று மருத்துவர் கேட்டார். முதுகுவலி என்றேன். மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்பி, புடவைக்குள் நான் கட்டியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.