பின்னால் வருகிறவரின் தாள்

இது கட்டிய கதை அல்ல. எங்கள் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குப் பொய் வராது என்று சொன்னால் வீட்டுப் பாசம் என்பீர்கள். அதனால் இப்படிச் சொல்கிறேன். காட்டில் ஏழு மான் பார்த்தால் ஏழு என்றுதான் எழுதுவாள். எட்டாவதாக ஒன்று புதருக்குள் காதை ஆட்டியது போலிருந்தாலும், "போலிருந்தா கணக்கு இல்ல" என்று விட்டுவிடுவாள்.

அவள் வேலை விலங்குகளைக் கணக்கெடுப்பது. எல்லா மானையும் வரிசையில் நிறுத்தி எண்ண முடியுமா? அதனால் காட்டின் குறுக்கே நேராக ஒரு கோடு, இரண்டு கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒரு கல். அண்ணி முன்னால் நடப்பாள். கண்ணில் பட்ட விலங்கின் பக்கம் கையை நீட்டிவிட்டு, தூரத்தோடு எழுதிக்கொள்வாள். ஐம்பது அடி பின்னால் இன்னொருவர் வருவார். அவர் எழுதுவது அண்ணி கை நீட்டாமல் தவறவிட்டதை மட்டும். ஒவ்வொன்றுக்கும் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஓர் அழுத்து அழுத்துவார். டிக். இரண்டு பேர் தாளையும் வைத்து, இருவருமே பார்க்காமல் விட்டது எத்தனை இருக்கும் என்று ஆபீஸில் கணக்குப் போடுவார்கள்.

விதி கறாரானது. பேசக் கூடாது. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. தனித்தனி உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட வேண்டும்.

போன மூன்று சுற்றிலும் அண்ணி தவறவிட்டவை மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறிக்கொண்டே போயின. மேலதிகாரி கூப்பிட்டார்.

"கண்ணு மங்குதாம்மா? இந்தத் தடவையும் ஏறுச்சுன்னா வேற ஆள்தான் போடணும்."

அண்ணன் கால் உடைந்து படுத்து எட்டு மாதம். அண்ணியின் தற்காலிக வேலையில்தான் வீடு ஓடியது. அந்த வாரம் முழுக்க அவள் சுவரில் மாட்டிய காலண்டரைத் தள்ளித் தள்ளி நின்று படித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது.

நான்காவது சுற்று. காலை 5.50. நல்ல பனி. பின்னால் வருபவர் நெட்டை அண்ணன். உயரத்தைப் பார்த்து ஆபீஸ் வைத்த பெயர்.

"மெதுவா போம்மா. எனக்கு மூச்சு வாங்கும்."

"நீங்க டிக்கு டிக்குன்னு அழுத்தாம வந்தாப் போதும்ண்ணே."

முதல் கல்லருகே இரண்டு மான். கை நீட்டினாள், எழுதினாள். அடுத்து ஒரு முயல். மனசு கொஞ்சம் லேசானது.

6.14. நான்காவது கல்லைத் தாண்டியதும்...

டிக்.

எதை விட்டேன்? இடப்பக்கம் புல். வலப்பக்கமும் புல். வேறொன்றும் இல்லை.

6.21. டிக். 6.23. மறுபடியும் டிக். என் பிழைப்பில் மண்ணைப் போடவென்றே வந்திருக்கிறாரா இந்த மனுஷன் என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தாள். தண்ணீர்தான் வந்தது.

6.44. ஒன்பதாவது கல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நெட்டை அண்ணன் நடந்தால் சருகு சரக் சரக்கென்று நொறுங்கும். மூச்சு புஸ் புஸ்ஸென்று கேட்கும். இப்போது இரண்டும் இல்லை. டிக் மட்டும் வந்தது.

7.02. டிக். அது ஐம்பது அடிக்கு அப்பால் கேட்ட டிக் இல்லை. இருபது அடி இருக்கும். தூரத்தை மதிப்பிடுவதுதானே அவள் தொழில்.

7.20. பத்து அடி...

திரும்பினால் சுற்று செல்லாது. வேலை போய்விடும். அவள் திரும்பவில்லை.

7.41. டிக். ஒரு கை தூரம்.

7.46. காதோரம்...

கடைசிக் கல்லைத் தொட்டாள். திரும்பினாள்.

யாருமில்லை.

பக்கத்து வண்டிப் பாதையில் மூச்சிரைக்க ஓடி வந்தாள். புறப்பட்ட இடத்தில் நின்ற ஜீப்பில் நெட்டை அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே பாதியில விட்டுட்டு வந்தீங்க?"

"நான் எங்கம்மா விட்டேன்? மூணாவது கல்லுகிட்ட பூட்ஸ் கயிறு கட்டக் குனிஞ்சேன். நிமிந்தா நமக்கு நடுவுல ஒரு அம்மா போய்ட்டிருக்காங்க. காக்கிச் சட்டை. உன்னவிட்டுச் சரியா ஐம்பது அடி. எனக்குப் பதிலா ஆபீஸ்ல ஆள் அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். பேசவும் கூடாது... திரும்பிட்டேன்."

அவருடைய கருவி அவர் பையிலேயே இருந்தது. எண் பூஜ்யத்தில் நின்றது. ஆபீஸிலிருந்து யாரையும் அனுப்பவில்லை.

மறுநாள் அண்ணி மேலதிகாரியிடம் போய் நின்றாள். "நான் என்னென்ன விட்டேன்னு அந்தப் பழைய தாளைக் காட்டுங்க சார்." அதுவரை அந்தத் தாள்களை யாரும் வரி வரியாகப் படித்ததில்லை. மொத்த எண்ணிக்கையை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். மூன்று சுற்றின் தாள்களையும் மேஜையில் விரித்தார்.

மான் இல்லை. முயல் இல்லை. பதினைந்து வரியிலும் ஒரே பதிவு. 'ஆள் 1'.

காட்டில் மனிதர் யாரையாவது பார்த்தாலும் அதே தாளில் குறிக்க வேண்டும். விறகு பொறுக்க வந்தவராக இருக்கும் என்று நினைத்து எழுதிவிட்டுப் போவார்கள். மூன்று சுற்றிலும் பின்னால் வந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். கையெழுத்தும் மூன்று விதம். அண்ணியிடமிருந்து அந்த ஆள் இருந்த தூரம் முதல் சுற்றில் முந்நூறு அடி. இரண்டாவதில் நூற்றைம்பது. மூன்றாவதில் அறுபது.

மூன்றாவது தாளில் ஒரு குறிப்பும் இருந்தது. 'பெண். காக்கிச் சட்டை. நம் ஆபீஸ் ஆள் போலிருக்கிறது. முன்னால் போகிறவரையே பார்த்துக்கொண்டு நடக்கிறார்.'

அண்ணியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அந்த 'ஆள்' பதிவுகளைக் கழித்தால் அவள் ஒரு விலங்கைக்கூடத் தவறவிட்டதில்லை. மேலதிகாரி மன்னிப்புக் கேட்டார். அந்த மாதமே வேலையை நிரந்தரமாக்கிக் கொடுத்தார்.

அதே கோடுதான். அடுத்த சுற்று வருகிற திங்கட்கிழமை, காலை 5.50.